விழாமல் விழும் வித்தை

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோயிலுக்குச் செல்லும் பெருவழியில் நாங்குநேரியையும் வள்ளியூரையும் கடந்து பணகுடியை நெருங்கும்போது, மேற்கே மேகத்தை முண்டாசாகக் கட்டிக்கொண்டு நிற்கும் மகேந்திரகிரியைப் பாராமல் எவரும் அவ்வழியே போய்விட முடியாது. சீதையைத் தேடிச் சென்ற அனுமன் காலூன்றி இலங்கைக்குத் தாவியது இம்மலையிலிருந்துதான் என்பது இவ்வட்டாரத்து ஐதிகம். அதை நம்புவதும் நம்பாததும் அவரவர் மனத்தைப் பொறுத்தது. ஆனால் அதே மலையடிவாரத்தில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் நடத்திவரும் உந்துவிசை வளாகத்தில், தாவுவதற்கென்றே பிறந்த ராக்கெட் எஞ்சின்களைத் தாவவிடாமல் இரும்புத் தாங்கிகளில் இறுகப் பிணைத்து, நின்ற இடத்திலேயே நெருப்பூட்டிச் சோதிக்கிறார்கள் என்பதை எண்ணும்போதெல்லாம், இந்த முரணில் ஏதோ ஒரு தத்துவம் பொதிந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அது என்ன தத்துவம் என்பதை எனக்கு விளங்கவைத்தது ஒரு கணிப்பொறி விளையாட்டு.

சென்ற கோடை விடுமுறையில் பாளையங்கோட்டையிலுள்ள என் தமக்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, பன்னிரண்டாம் வகுப்புக்குச் செல்லவிருந்த என் மருமகன் ஒரு பழைய கணிப்பொறியின் முன்னே முகம் சுருங்க உட்கார்ந்திருந்தான். அவன் ஆடிக்கொண்டிருந்த விளையாட்டின் பெயர் 'ஆர்பிட்டர்'. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பணியாற்றிய மார்ட்டின் ஷ்வைகர் என்ற கணினி விஞ்ஞானி அதனை எழுதி, 2000ஆம் ஆண்டில் எவரும் விலையின்றிப் பெற்றுக்கொள்ளும்படி வெளியிட்டார். 2021இல் அதன் மூல நிரலையும் உலகத்துக்குத் திறந்துவிட்டார். விளையாட்டு என்று சொல்கிறோமே தவிர, அதில் சுட்டு வீழ்த்தப் பகைவர் இல்லை, சேர்த்து வைக்கப் புள்ளிகள் இல்லை, இறுதியில் கைதட்டி வாழ்த்துவாரும் இல்லை. ஒரு விண்கலம் உண்டு. சூரிய மண்டலம் உண்டு. நியூட்டனின் விதிகள் உண்டு. மற்றதெல்லாம் ஆடுகிறவனின் பாடு.

"மேல போகத்தான் செய்யுது மாமா, அங்கன நிக்க மாட்டேங்கு" என்றான் பையன்.

அவன் செய்தது இதுதான். அமெரிக்காவின் கேப் கனாவெரல் ஓடுதளத்திலிருந்து புறப்பட்டு, கலத்தின் மூக்கை வானத்தை நோக்கி நேராக நிமிர்த்தி, எஞ்சினை முழு வேகத்தில் முடுக்கி, இருநூறு கிலோமீட்டர் உயரத்தை எட்டியதும், ஆகாயத்துக்கு வந்துவிட்டோம் என்ற நிம்மதியோடு எஞ்சினை அணைத்திருக்கிறான். கலம் இன்னும் சற்று தூரம் ஏறி, ஒரு கணம் தயங்கி, பிறகு வந்த வழியே திரும்பி அட்லாண்டிக் சமுத்திரத்தில் விழுந்துவிட்டது. உயரத்தை அடைந்தால் போதும், அங்கே தானாகவே மிதக்கலாம் என்று அவன் கொண்டிருந்த அபிப்பிராயம் அவனுக்கு மட்டும் உரியதன்று. படித்த பெரியவர்களில் பலரும், பூமியின் ஈர்ப்பு எங்கோ ஓரிடத்தில் கோடு கிழித்தாற்போல் முடிந்துவிடுகிறது என்றும், அந்தக் கோட்டைத் தாண்டியவர்கள் பஞ்சுபோல் மிதக்கிறார்கள் என்றும்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் இருநூறு கிலோமீட்டர் உயரத்தில் பூமியின் ஈர்ப்பு தரையில் இருப்பதைவிடச் சற்றேதான் குறைவு. அங்கே சுற்றுகின்ற கலங்கள் ஈர்ப்பிலிருந்து தப்பியவை அல்ல. ஓயாமல் விழுந்துகொண்டே இருப்பவை.

விழுகிற பொருள் ஏன் தரையைத் தொடுவதில்லை? நியூட்டன் ஓர் உயர்ந்த மலைமேல் பீரங்கியை வைத்துப் பார்த்த கற்பனை எல்லாரும் அறிந்ததே. அந்தப் பீரங்கியை நாம் மகேந்திரகிரியின் உச்சிக்கே கொண்டுபோய், கிழக்கு நோக்கிச் சுடுவதாக வைத்துக்கொள்வோம். காற்றின் தடை இல்லையென்றும் கொள்வோம். முதற்குண்டு அடிவாரத்துப் பனங்காட்டில் விழும். மருந்தைக் கூட்டினால் அடுத்தது குலசேகரப்பட்டினத்துக் கடற்கரையில் விழும். இன்னும் கூட்டினால் மன்னார் வளைகுடாவைத் தாண்டி, அனுமனைப்போல இலங்கையிலேயே போய் இறங்கும். எந்தப் பொருளும் விழத் தொடங்கிய முதல் வினாடியில் ஏறக்குறைய ஐந்து மீட்டர் கீழிறங்குகிறது. பூமியின் மேற்பரப்போ, அதன் உருண்டை வடிவத்தால், எட்டுக் கிலோமீட்டர் தூரத்துக்குள் அதே ஐந்து மீட்டர் வளைந்து தாழ்ந்துவிடுகிறது. ஆகவே குண்டு வினாடிக்கு எட்டுக் கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், அது எவ்வளவு விழுகிறதோ அவ்வளவு பூமியும் அதன் காலடியிலிருந்து நழுவிக்கொண்டே போகும். விழுந்தபடியே உலகத்தைச் சுற்றிவந்து, சுட்டவனின் முதுகுக்குப் பின்னால் தோன்றும். இருநூறு கிலோமீட்டர் உயரத்தில் தேவையான வேகம் வினாடிக்கு 7.8 கிலோமீட்டர். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணி, சுமார் 125 கிலோமீட்டர் நீளத்தையும் அந்த வேகத்தில் ஓடினால், முழு யாத்திரையையும் 16 வினாடியில் முடித்துவிடும்.

இதனைச் சொற்களால் சொல்வதைக் காட்டிலும் ஆர்பிட்டர் கண்ணெதிரே காட்டுவது அதிசயமாக இருக்கிறது. கலத்தின் கருவிப்பலகையில் சிறிய திரையொன்று உண்டு. அதில் சாம்பல் நிற வட்டம் பூமி, பச்சை நிற நீள்வட்டம் கலத்தின் பாதை. ஓடுதளத்தில் நிற்கும்போது பச்சைக் கோட்டின் பெரும்பகுதி சாம்பல் வட்டத்துக்குள் புதைந்து, பூமியின் மையத்தை ஒட்டி ஒடுங்கிய ஒரு கீற்றாகக் கிடக்கிறது. மேலெழும்பி, மூக்கைச் சிறிது சிறிதாகக் கிழக்கே சாய்த்து, எஞ்சினின் பலத்தையெல்லாம் பக்கவாட்டு வேகமாக மாற்ற மாற்ற, அந்தக் கீற்று வயிறு பருத்து, மெல்ல மெல்லப் பூமியின் விளிம்பை முட்டி, ஒரு கணத்தில் முழுவதுமாக வெளியே வந்துவிடுகிறது. அந்தக் கணத்துக்கு முந்திய கலம், எவ்வளவு உயரத்தில் இருந்தாலும், எறிந்த கல்லே. அதற்குப் பிந்தியது ஒரு சிறு சந்திரன்.

கணிப்பொறியும் விண்வெளியும் சேர்ந்த விளையாட்டுகள் புதியவை அல்ல. 1962இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் உருவான 'ஸ்பேஸ்வார்' விளையாட்டிலேயே நடுவே ஒரு நட்சத்திரம் இருந்து, தன் ஈர்ப்பால் இரு தரப்புக் கலங்களையும் இழுத்தது. அப்பல்லோ 11 சந்திரனில் இறங்கிய 1969ஆம் ஆண்டிலேயே ஜிம் ஸ்டோரர் என்ற பள்ளி மாணவர், படமே இல்லாமல் எண்களை மட்டும் அச்சடிக்கும் ஒரு சந்திர இறங்கு விளையாட்டை எழுதினார். மெக்சிகோவில் உருவாகி 2011இல் வெளிவந்த 'கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்' இலட்சக்கணக்கானோரைக் கவர்ந்தது. அதன் கற்பனைக் கிரகத்தின் ஆரம் 600 கிலோமீட்டரே ஆதலால், அங்கே சுற்றுப்பாதையை எட்ட வினாடிக்கு இரண்டேகால் கிலோமீட்டர் வேகம் போதும். அது பொம்மை உலகம். விதிகள் மட்டும் மெய். ஆர்பிட்டரிலோ உலகமும் மெய்யளவே.

இந்த விதிகளின் குறும்பு, இரண்டு கலங்களைச் சந்திக்கவைக்க முயலும்போது வெளிப்படுகிறது. முன்னே செல்லும் பேருந்தைப் பிடிக்க வேண்டுமானால் நாம் வேகத்தைக் கூட்டுகிறோம். சுற்றுப்பாதையில் அவ்வாறு செய்தால், கூடிய வேகம் கலத்தை உயரமான பாதைக்கு ஏற்றிவிடுகிறது. உயரமான பாதை நீளமானது, அதில் ஓட்டமும் மந்தமானது. ஆகவே முந்த நினைத்தவன் பிந்திப்போகிறான். முன்னவனைப் பிடிக்க விரும்புகிறவன் வேகத்தைக் குறைத்து, கீழ்ப்பாதையில் இறங்கி, அங்கே விரைந்து ஓடி, பிறகு மேலேறிச் சந்திக்க வேண்டும். 1965 ஜூனில் ஜெமினி 4 கலத்தில் சென்ற ஜேம்ஸ் மெக்டிவிட், தங்களைச் சுமந்துவந்த ராக்கெட்டின் காலிப் பகுதியை அணுகுவதற்காக, தேர்ந்த விமானியாகையால் அதனை நோக்கியே எஞ்சினை இயக்கினார். எரிபொருள் குறைந்ததே ஒழிய இடைவெளி குறையவில்லை. 2024 டிசம்பர் 30 அன்று நம் நாடு அனுப்பிய 'ஸ்பேடெக்ஸ்' இரட்டைக் கலங்கள், ஒவ்வொன்றும் சுமார் 220 கிலோ எடையுள்ளவை, இந்தக் கணக்கையெல்லாம் பொறுமையாகப் போட்டு, ஆமைபோல் நெருங்கி, 2025 ஜனவரி 16 அன்று ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டன. அமெரிக்கா, ரஷ்யா, சீனாவுக்கு அடுத்தபடியாக இந்த வித்தையில் தேறிய நாலாவது நாடு இந்தியா.

இனி, கணிப்பொறி இதனையெல்லாம் எவ்வாறு அறிகிறது என்பதைப் பார்ப்போம். அதற்குப் பாதை எதுவும் முன்கூட்டித் தெரியாது. கலம் இந்தக் கணத்தில் எங்கே இருக்கிறது, எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் செல்கிறது, எந்தப் பக்கம் முகம் காட்டி எப்படிச் சுழல்கிறது என்பவை மட்டுமே அதன் கையிருப்பு. முன்பின், இடம்வலம், மேல்கீழ் என்று மூன்று பெயர்ச்சிகள். மூன்று அச்சுகளைச் சுற்றி மூன்று சுழற்சிகள். ஆக ஆறு வகைச் சுதந்திரங்கள். ஈர்ப்பு, காற்று, எஞ்சின் ஆகியவற்றின் விசைகளைக் கூட்டி, அவற்றால் அடுத்த நொடித்துளியில் வேகமும் இடமும் எவ்வளவு மாறும் என்று கணித்து, அந்தப் புதிய இடத்திலிருந்து மறுபடியும் அதே கணக்கைப் போடுகிறது. கூட்டு வட்டி போடும் கணக்கப்பிள்ளை, சென்ற மாத நிலுவையிலிருந்து இந்த மாதத்தையும், இந்த மாதத்திலிருந்து அடுத்த மாதத்தையும் எழுதிச் செல்வதுபோலத்தான் இது.

எனவே எழுதும் காலஇடைவெளி எவ்வளவு சிறிதோ அவ்வளவு நேர்மையாக இருக்கும் பேரேடு. திரை வினாடிக்கு அறுபது முறை புதுப்பிக்கப்படுகிறதென்றால், ஒவ்வோர் அடியும் வினாடியில் அறுபதில் ஒரு பங்கு, பிழை தெரியாது. ஆனால் செவ்வாய்க்குப் போகப் பல மாதங்கள் காத்திருக்க எவருக்கும் பொறுமை இராதாகையால், ஆர்பிட்டரில் காலத்தைப் பன்மடங்கு விரைவாக்கிக்கொள்ள வழி உண்டு. பத்தாயிரம் மடங்கு விரைவாக்கினால், ஓர் அடி 167 வினாடி ஆகிறது. அதற்குள் தாழ்ந்த பாதையில் செல்லும் கலம் 1,300 கிலோமீட்டர் கடந்துவிடும். அவ்வளவு தூரத்தையும் ஒரே அடியில் அளக்கும் எளிய கணக்கு, வளைவான பாதையை முண்டும் முடிச்சுமான கோடுகளாக்கி, கலத்தைப் பொய்யான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும். இதனைத் தவிர்க்க, ரூங்கெ, குட்டா என்ற இரு ஜெர்மானியக் கணித அறிஞர்கள் வகுத்த முறையைப்போல, ஓர் அடி வைப்பதற்குள் இடையிடையே பலமுறை எட்டிப் பார்த்துத் திருத்திக்கொள்ளும் உபாயங்களைக் கையாளுகிறார்கள்.

விளையாட்டுக்கும் மெய்யான விண்வெளித் துறைக்கும் இடையே உள்ள சுவர் இந்த இடத்தில் மிகவும் மெல்லியது. கன்னியாகுமரி மாவட்டத்துச் சரக்கல்விளையில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, பிற்காலத்தில் விண்வெளி நிறுவனத்தின் தலைவராக உயர்ந்த கே. சிவன், அதற்கு முன்னர் தம் பெயரை நிலைநாட்டிக்கொண்டது 'சிதாரா' என்ற மென்பொருளால்தான். ஆறு சுதந்திரங்களையும் கணக்கில் கொண்டு ராக்கெட்டின் பாதையைப் பாவனை செய்து காட்டும் அந்த மென்பொருள், நம் நாட்டு ராக்கெட்டுகளின் பாதைக் கணிப்புக்கு முதுகெலும்பாக இருந்துவருகிறது. ஏவும் நாளில் உயர வீசும் காற்றை அளந்து, அதற்கேற்பப் பாதையை அன்றே திருத்திக்கொள்ளும் முறையை உருவாக்கியதிலும் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. என் மருமகனின் மேசைமேல் ஓடுவதும் அங்கே ஓடுவதும் நுணுக்கத்திலும் பொறுப்பிலும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் உடையவை. ஆயினும் இரண்டுக்கும் வேர் ஒன்றே.

அந்த வேரிலிருந்து முளைத்த பெருமரங்களில் ஒன்று செவ்வாய்க்குச் சென்ற மங்கள்யான். அதன் திட்ட இயக்குநர் சுப்பையா அருணன், நம் மாவட்டத்து ஏர்வாடியை அடுத்த கோதைசேரியில் பிறந்தவர். 2013 நவம்பர் 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட அந்தக் கலத்தின் எடை 1,337 கிலோ. அதில் 852 கிலோ எரிபொருள். அதன் முக்கிய எஞ்சினின் உந்துவிசையோ 440 நியூட்டன், அதாவது பூமியில் சுமார் 45 கிலோ எடையைத் தாங்கும் அளவு மட்டுமே. இவ்வளவு சிறிய எஞ்சினைக் கொண்டு பூமியின் பிடியை அறுப்பது எவ்வாறு? ஊஞ்சலை உந்துகிற தாய் அதனைக் கண்ட இடத்திலெல்லாம் தள்ளுவதில்லை. அது கீழே விசையோடு வரும் தருணம் பார்த்து, ஒவ்வொரு வீச்சிலும் சிறிது சேர்க்கிறாள். அதேபோலக் கலம் பூமியை மிக நெருங்கி, மிக வேகமாக ஓடும் இடத்தில் மட்டும் எஞ்சினை இயக்கினால், ஒரே அளவு எரிபொருள் அதிக சக்தியைச் சேர்க்கிறது. பாதையின் மறுமுனை அடுத்தடுத்து எட்டிப் போகிறது. இப்படிப் பலமுறை உந்தப்பட்டு, டிசம்பர் 1 அதிகாலையில் மங்கள்யான் பூமியை விட்டு விலகியது.

அது குறிவைத்ததும் அன்றைய செவ்வாயை அன்று. தாமிரபரணியில் வெள்ளம் புரளும் நாளில் குறுக்குத்துறை அருகே எதிர்க்கரையிலுள்ள ஒரு படித்துறையில் ஏற விரும்புகிற நீச்சல்காரன், அதற்கு நேரெதிரே நீரில் இறங்குவதில்லை. கரையோடு மேலே நடந்துபோய் இறங்கி, ஆற்றின் இழுப்பையும் தன் பிரயாணத்தின் பகுதியாகக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறான். கிரகப் பயணமும் அத்தகையதே: பத்து மாதங்களுக்குப் பின்னர் செவ்வாய் எங்கே இருக்குமோ அந்த வெற்றிடத்தை நோக்கித்தான் கலத்தை விட வேண்டும்; அதற்கேற்ற வாய்ப்பு ஏறத்தாழ 26 மாதங்களுக்கு ஒருமுறையே வரும். போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது, நிற்கவும் வேண்டும். நெல்லையப்பர் ஆனித் தேரை நிறுத்தச் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறார்கள்; உராய்வே இல்லாத வெளியில் கட்டை போட இடம் ஏது? வேகமெடுக்க எரிபொருள் வேண்டியதுபோலவே வேகத்தைக் குறைக்கவும் வேண்டும். 2014 செப்டம்பர் 24 அன்று எஞ்சினை எதிர்முகமாகத் திருப்பி, 23 நிமிடங்களுக்கு மேல் எரித்து, வினாடிக்கு ஏறக்குறைய 1,100 மீட்டர் வேகத்தைக் குறைத்த பிறகே செவ்வாய் அதனைப் பிடித்துக்கொண்டது.

ஆனால் அந்தப் பயணத்தின் தொடக்கத்தில், நவம்பர் 11 அன்று, எந்தச் சமீகரணத்திலும் இல்லாத ஒன்று நிகழ்ந்தது. பாதையின் மறுமுனையை ஒரு இலட்சம் கிலோமீட்டருக்கு உயர்த்தச் செய்த முயற்சி 78,000 கிலோமீட்டர் அளவிலேயே நின்றுவிட்டது. எரிபொருள் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வுக்கு முதன்மைச் சுருள் ஒன்றும் மாற்றுச் சுருள் ஒன்றும் உண்டு. இரண்டையும் ஒருங்கே இயக்கிச் சோதித்தபோது எரிபொருள் ஓட்டமே நின்றுபோயிற்று. மறுநாளே குறையை ஈடுசெய்துவிட்டார்கள். இருந்தும், பாவனையின் எல்லை எது என்பதை அந்த ஒரு நாள் காட்டிவிட்டது. பாவனை நியூட்டனை அறியும், வால்வை அறியாது. யாரேனும் வால்வின் குணத்தை அளந்து சொன்னால் ஒழிய, விளையாட்டில் திறந்த குழாய் எப்போதும் திறந்தே இருக்கும், மூட்டிய நெருப்பு எப்போதும் எரியும்.

மகேந்திரகிரியின் முரண் எனக்கு விடுபட்டது இங்கேதான். 2010 ஏப்ரல் 15 அன்று, நம் நாட்டிலேயே செய்த கிரையோஜெனிக் எஞ்சினைத் தாங்கி முதன்முறையாகப் பறந்த ஜிஎஸ்எல்வி ராக்கெட், அந்த எஞ்சினின் எரிபொருள் ஊக்கிப் பம்ப் நின்றுபோனதால் கடலில் விழுந்தது. பூஜ்யத்துக்குக் கீழே 253 டிகிரி செல்சியஸில் திரவ ஹைட்ரஜனை ஏந்திச் சுழல வேண்டிய பம்ப் அது. அதன்பின் மகேந்திரகிரியில், காற்றை வெளியேற்றி உயர்வானத்தின் வெறுமையை அறைக்குள்ளேயே உண்டாக்கி, அந்த வெறுமையில் எஞ்சினைப் பற்றவைத்துப் பார்த்தார்கள். 2014 ஜனவரி 5 அன்று பறந்த அடுத்த எஞ்சின் தன் கடமையைச் செவ்வனே முடித்தது. மனிதரை ஏற்றிச் செல்லும் ககன்யானுக்காக, சிஇ-20 வகை எஞ்சின்கள் நான்கை 39 முறை எரித்து, மொத்தம் 8,810 வினாடி, அதாவது சுமார் இரண்டரை மணி நேரம், சோதித்த பிறகே 2024 பிப்ரவரியில் தகுதிச் சான்று அளித்தார்கள். தேவையான குறைந்தபட்ச நேரமோ 6,350 வினாடிதான். கணக்கில் அடங்குவதைக் கணிப்பொறியில் ஒத்திகை பார். கணக்கில் அடங்காததைக் கட்டிவைத்து எரித்துப் பார். இரண்டும் தேறியதை மட்டும் அவிழ்த்துவிடு: அம்மலையடிவாரத்தின் தத்துவம் இவ்வளவே.

குலசேகரப்பட்டினத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024 பிப்ரவரி 28 அன்று அங்கே இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டபோது, ஸ்ரீஹரிகோட்டா இருக்க இது எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. துருவப் பாதைக்காக ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே ஏவினால் ராக்கெட் இலங்கையின் மேலே பறக்க நேரும். ஆகையால் முதலில் தென்கிழக்கே விலகிச் சென்று, பிறகு திரும்புகிறது. ஓடுகிற ஓட்டத்தில் திசையை மாற்றுவதற்கு எவ்வளவு எரிபொருள் செலவாகும் என்பதை ஆர்பிட்டரில் ஒருமுறை செய்து பார்த்தவனுக்கு, தெற்கே கடலைத் தவிர வேறொன்றும் இல்லாத முத்தாரம்மன் கோயில்கொண்ட அவ்வூரின் அருமையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சிறிய ராக்கெட்டுகளுக்கு அந்தச் செலவு தாங்காது.

நம் வட்டாரத்துப் பள்ளி ஆசிரியர்களுக்கு நான் விடுக்கும் விண்ணப்பம் எளியது. பதினோராம் வகுப்பில் ஈர்ப்பியல் பாடம் வருகிற வாரத்தில், பள்ளியிலுள்ள ஏதேனும் ஒரு கணிப்பொறியில் இந்த விளையாட்டை நிறுவி, பிள்ளைகளை அதன்முன் உட்காரவையுங்கள். அவர்கள் தோற்கும்போது உடனே வழி சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள். அந்தப் பச்சைக் கோடு ஏன் வெளியே வரவில்லை என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும். என் மருமகன் பதினாறு முறை அட்லாண்டிக்கில் விழுந்தான். பதினேழாவது முறை சுற்றுப்பாதையை எட்டினான். பதினாறு முறையும் விழுந்ததில் எவருக்கும் ஒரு காசு நஷ்டமில்லை.